கிராண்ட் பியானோவின் இரும்பு பிளேட்டில் விரிசல்: ஒட்ட முடியுமா, எடைக்குப் போடுவதா?

#1 மலைக்காற்று (குன்னூர்)

வணக்கம். இங்கே வீணை, ஆர்மோனியம், வயலின் ரிப்பேர் பற்றித்தான் அதிகம் பேசுகிறீர்கள். ஆனாலும் தமிழில் கேட்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஆறடி ஜெர்மன் கிராண்ட் பியானோ ஒன்று இருக்கிறது. எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய குடும்பத்திடம் தாத்தா வாங்கியது. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்குக் கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடித்ததோ என்று வாசலில் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலையில் அம்மா உட்கார்ந்து வாசித்தபோதுதான் தெரிந்தது: நடுவிலிருந்து மேலே இரண்டு ஆக்டேவ் சுருதி அப்படியே தொங்கிப் போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இரும்பு பிளேட்டின் (கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் வார்ப்புச் சட்டம்) மூன்றாவது கம்பில், அதாவது அதில் நீளவாக்கில் ஓடும் இரும்புத் தண்டில், தங்க நிற பெயின்ட்டின் குறுக்கே தலைமுடி அளவு கோடு.

போனில் கேட்ட ஒருவர் "பிளேட் போச்சுன்னா பியானோ போச்சு" என்றார். கீழ் பஜார் வெல்டிங் பட்டறையில் "நிக்கல் ராடு போட்டா அரை நாள் வேலை" என்கிறார்கள். யாரை நம்புவது? அம்மாவுக்கு 74 வயது. ஞாயிறு ஆராதனைக்குப் பாமாலை பழகுவது இதில்தான்.

#2 சுருதிப்பெட்டி (சென்னை)

சார், மத்ததெல்லாம் அப்புறம். கம்பிகளோட டென்ஷன் இறக்கியாச்சா? இல்லைன்னா இன்னைக்கே இறக்குங்க.

ஒரு கிராண்ட்ல 220, 230 கம்பி இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கிற விசை 18 டன், 20 டன். அதைப் பெரும்பாலும் தாங்கறது அந்த பிளேட்தான். ஒரு கம்பு விட்டுட்டா அதோட பங்கைப் பக்கத்துக் கம்பு சுமக்குது. அதுவும் விட்டா பின்பிளாக்கும் (டியூனிங் பின் பதிஞ்ச மரக்கட்டை) சவுண்ட்போர்டும் (சத்தத்தைப் பெருக்கற மரப்பலகை) சேர்ந்து போகும்.

எப்படி இறக்கறதுன்னா, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு முழுசா தளர்த்திக்கிட்டே வராதீங்க. ஒரு பக்கம் சும்மா நிக்க இன்னொரு பக்கம் முழு பாரத்துல இருந்தா பிளேட் முறுக்கும். ஒவ்வொரு பின்னையும் கால் சுத்து, பேஸ்ல இருந்து டிரெபிள் வரைக்கும் ஒரு ரவுண்டு. மறுபடி முதல்ல இருந்து கால் சுத்து. நாலஞ்சு ரவுண்டு. கண்ணாடி போட்டுக்குங்க, பிளேட் மேல குனிஞ்சு முகத்தைக் கொண்டு போகாதீங்க.

ஒரு கேள்வி. அந்தக் கோடு, கம்பு நடுவுல ஒரு பெரிய நட் இருக்குமே, பிளேட்டை நடுவுல அடியிலிருந்து தாங்கற நோஸ் போல்ட், அதுக்குப் பக்கத்துலயா?

#3 குப்பைமேடு

எம்-சீல் வச்சு அடைச்சிட்டா?

#4 சுருதிப்பெட்டி

அது தண்ணித் தொட்டிக்குய்யா.

#5 உலோகவியல்_அக்கா

சிரிப்பதற்கில்லை, எபாக்சி யோசனை நிஜமாகவே நிறைய பேருக்கு வருகிறது. பசை பரப்பில் பிடிக்கும். 18 டன் இழுப்பில் வருடக்கணக்காக நிற்கும் பசை மெல்ல மெல்ல நகரும். பியானோவில் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுருதி போய்விடும்.

பிளேட் சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் சுமார் மூன்று, மூன்றரை சதவீதம் கார்பன். பெரும்பகுதி கிராஃபைட்டாக, சீவல் சீவலாக இரும்புக்குள் படிந்திருக்கும். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்கு வலிமை இழுவை வலிமையைப் போல மூன்று, நான்கு மடங்கு. ஒவ்வொரு சீவலும் உள்ளேயே பிறந்த குட்டி விரிசல் மாதிரி. அதனால்தான் எஃகுபோல வளைந்து முன்னறிவிப்புக் கொடுக்காமல் இரவு பத்தரைக்கு 'டப்' என்கிறது.

கம்பு முழுவதும் பிளந்ததா, பாதியா என்று முதலில் தெரிய வேண்டும். டை பெனெட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய பட்டறை வழி: பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளை அப்புங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே வந்து தூளில் கறுப்புக் கோடு போடும். கோடு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் குறித்து வையுங்கள்.

#6 ஏழரைக்கட்டை

ஊட்டி, குன்னூர் குளிரில் இரும்பு சுருங்கித்தான் வெடித்திருக்கும். இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

#7 உலோகவியல்_அக்கா

ஒன்றரை மீட்டர் வார்ப்பிரும்பு 20 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.33 மில்லிமீட்டர். மேலே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியும் ஏறக்குறைய அதே அளவு சுருங்கும். குளிரை விட்டுவிடுங்கள் சார்.

#8 மலைக்காற்று

டென்ஷன் இறக்கிவிட்டேன். இரண்டு நாள் ஆனது, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மண்ணெண்ணெய்ச் சோதனையும் செய்தேன். (கடையில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பரணில் ஒரு பாட்டில் கிடைத்தது.) கம்பின் உயரம் 48 மி.மீ. விரிசல் மேல் முகத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் கீழிறங்கி, அடியில் ஒரு விரல் கனம் மிச்சம் வைத்து நிற்கிறது. சுருதிப்பெட்டி சார் சரியாகக் கேட்டார்: நோஸ் போல்ட் துளையின் விளிம்பிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வந்து முழுக்கக் கழற்றி, புது பின்பிளாக், புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார். பெயர் வேண்டாம். போன மாதம் டியூன் செய்தவர் "பழைய சுருதியில் இருக்கிறது" என்று 435-இலிருந்து 440-க்கு (நடு A சுரத்தின் அதிர்வெண், ஹெர்ட்ஸில்) ஏற்றினார்.

#9 சுருதிப்பெட்டி

மேல இருந்து கீழ பிளந்திருக்கு, நோஸ் போல்ட் பக்கத்துல. சார், எனக்குக் கிட்டத்தட்ட புரிஞ்சுடுச்சு.

ரீபில்ட் பண்றப்ப கம்பி பிரிட்ஜை, அதாவது குதிரையை, அழுத்தற அளவு, டவுன்பேரிங், கம்மியா இருந்தா பிளேட்டையே ரெண்டு மூணு மில்லி இறக்கி உட்கார வைப்பாங்க. ஓரத்துல பிளேட் உட்கார்ற மரத்தைச் சீவிட்டா போதும். தப்பில்லை. ஆனா ஓரத்தை இறக்கினா நடுவுல நிக்கிற நோஸ் போல்ட்டையும் அதே அளவு திருகி இறக்கணும். மறந்துட்டா, நடுவுல முட்டுக் குடுத்துட்டு சுத்தி ஸ்க்ரூ போட்டு இறுக்கின மாதிரி ஆயிடும். பிளேட் ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கும், மேல் முகம் விரியும். வார்ப்பிரும்புக்கு ஆகாதது அதுதான். துளை இருக்கிற இடத்துல பிளக்கும்.

டென்ஷன் இல்லாம இருக்கிறப்ப ஓர ஸ்க்ரூவை எல்லாம் ஒரு சுத்துத் தளர்த்துங்க. பிளேட் ஓரம் தானா எழும்புதான்னு பாருங்க. ஃபீலர் கேஜ் இருந்தா இடைவெளியை அளங்க.

#10 உலோகவியல்_அக்கா

அந்த 435–440 கணக்கு: இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். 440-ஐ 435-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.023. அதாவது 2.3 சதவீதம். 18 டன்னில் அது 400 கிலோ சொச்சம். ஏற்கெனவே வளைந்து நின்ற கம்பின் மேல் ஓர் எருமையை ஏற்றியது போல.

ஆனால் டியூனர் மேல் பழி போட மாட்டேன். சரியாக உட்கார்ந்த பிளேட்டுக்கு 2.3 சதவீதம் ஒன்றுமே இல்லை.

#11 மலைக்காற்று

ஓரம் எழும்பியது! வலது பக்கம் 2.4 மி.மீ. ஸ்க்ரூவைத் தளர்த்தும்போதே 'கிரீச்' என்று ஒரு முனகல். நோஸ் போல்ட்டை அந்த அளவுக்கு இறக்கினதும் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொண்டது. இப்படியே வெல்டிங் செய்துவிடலாமா?

#12 தீப்பொறி (திருப்பூர்)

செய்யலாம். 26 வருசமா காஸ்ட் அயர்ன் ஒட்றேன். பம்ப் பாடி, லேத் பெட், டிராக்டர் ஹவுசிங், எதுவும் திரும்பி வந்ததில்லை. 55 சதவீத நிக்கல் ராடு. ஒரு இன்ச்சுக்கு மேல ஒரே மூச்சில ஓட்டக் கூடாது. ஓட்டின சூட்டோட சுத்தியலால தட்டணும், கை வைக்கிற அளவுக்கு ஆறினப்புறம் அடுத்த இன்ச். இல்லைன்னா கரியில மொத்தமா சூடேத்தி பித்தளை ராடு, அப்புறம் சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க ஆற விடணும். அரை நாள்னு சொன்னவனுக்கு வேலை தெரியாது. ஆனா வெல்டிங்கே ஆகாதுன்னு சொல்றவனும் பார்த்ததில்லைன்னு அர்த்தம்.

#13 வார்ப்படக்காரன் (கோவை)

தீப்பொறி தம்பி சொல்ற முறை ஒண்ணும் தப்பில்லீங்க. முறை சரி, இடம் வேற.

நானுங்க 31 வருசம் ஃபவுண்டரியில இருந்தவன். பம்ப் பாடியில விளிம்பு உடைஞ்சா அது தனியா நிக்கிற காது. சூடு பண்ணினா நீளும், ஆறினா சுருங்கும், யாரும் தடுக்கறதில்லை. பியானோ பிளேட்ல அந்தக் கம்பு ரெண்டு முனையிலயும் கட்டிப்போட்ட கம்பு. ஜன்னல் கம்பி மாதிரி. ஒரு அடி நீளத்தை 600 டிகிரிக்குச் சூடாக்கினா 2 மில்லி நீளப் பார்க்கும், சட்டம் விடாது. ஆறும்போது அதே 2 மில்லி சுருங்கப் பார்க்கும், அப்பவும் விடாது. அந்த இழுப்பு எங்க போகும்? ஒட்டின இடம் கெட்டியா நின்னுடும், நாலு நாள் கழிச்சு அடுத்த கம்பு பிளக்கும். மோட்டார் வீல்ல ஆரக்கால் ஒட்டிப் பார்த்தவங்களுக்கு இது தெரியுமுங்க.

குளிரா வெச்சு இன்ச் இன்ச்சா ஓட்டினா அந்தத் தொல்லை கம்மி. ஆனா வெல்டுக்குப் பக்கத்துல ரெண்டு மில்லி அகலத்துக்கு இரும்பு கண்ணாடியாட்டம் ஆயிடும். ஃபைல் வெச்சுப் பாருங்க, வழுக்கும். அங்கதான் மறுபடி பிளக்கும்.

மொத்த பிளேட்டையும் உலையில போட்டுச் சூடேத்தி ஒட்டினா நடக்கும். ஆனா ஆறி வெளிய வரும்போது அது அதே வடிவத்துல இருக்குமான்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க.

#14 தீப்பொறி

ஆரக்கால் விசயம் நெசம்தான். ஒரு தடவை எனக்கே ஆச்சு. அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

#15 வார்ப்படக்காரன்

தைக்கணுமுங்க. நெருப்பே இல்லாம. கப்பல் எஞ்சின் பிளாக், பெரிய பிரஸ் பாடி எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. டெக்சாஸ் எண்ணெய் வயல்ல 1930கள்ல வந்த வித்தை. எண்ணெய்க் கிணத்துப் பக்கத்துல வெல்டிங் பொறி பறந்தா என்னாகும்? அந்தப் பயத்துல பொறந்ததுங்க.

விரிசலுக்குக் குறுக்கா, ஜிக் வெச்சு வரிசையா துளை போட்டு, அந்தத் துளைங்க சேர்ந்து ஒரு மணிமாலை மாதிரி பள்ளம் ஆகும். அதே வடிவத்துல நிக்கல் கலந்த சாவி செஞ்சு அடுக்கடுக்கா அடிச்சு இறக்குவாங்க. அது ரெண்டு பக்கத்தையும் பிரியாம பிடிக்கும். அப்புறம் விரிசல் நெடுக துளை போட்டு, மரை போட்டு, ஸ்டட் (மரை போட்ட தண்டு) முறுக்கி, ஒண்ணை ஒண்ணு கடிச்ச மாதிரி அடுத்த ஸ்டட். விரிசல் முடியற நுனியில ஒரு சின்ன துளை, அது மேல ஓடாம நிறுத்த. கோவையில எஞ்சின் பிளாக் தைக்கிறவங்க இருக்காங்க. பியானோன்னு சொல்லாதீங்க, பயந்துக்குவாங்க. வார்ப்படம்னு சொல்லுங்க.

#16 பனங்கொட்டை_டொரன்டோ

வணக்கம் அண்ணை. நான் ஸ்கார்பரோவில ஒரு பியானோ பட்டறையில எடுபிடியா நிக்கிறன். இங்கயும் பிளேட் வெடிச்சால் முதல் கேள்வி, "இந்தப் பியானோ அதுக்குப் பெறுமதியோ?" எண்டுதான். கனக்க நேரம் இல்லை எண்டுதான் பதில் வரும், மேல்மூடியைக் கழட்டி மேசையாக்கிப் போடுவினம்.

2020 தொடக்கத்தில கனடாப் பியானோ கலைஞர் ஏஞ்சலா ஹியூவிட்டின்ர ஃபாசியோலி (இத்தாலியப் பியானோ) விழுந்த கதை தெரியும்தானே? பெர்லினில பெத்தோவன் வேரியேஷன்ஸ் பதிஞ்சு முடிச்ச கையோட, தூக்கிறவையள் கீழ போட்டுட்டினம். எஃப்278 மாடல், நாலு பெடல் வச்சது. இரும்புச் சட்டம் உடைஞ்சுபோச்சு. செய்த ஃபாசியோலியே வந்து பாத்திட்டு, திருத்திறதில அர்த்தமில்லை எண்டு சொல்லிட்டார். சட்டத்தோட சேர்த்து மற்றதுகளும் உடைஞ்சதால அப்பிடி. உங்கட கேஸ் வேற. விழேல்லை, ஒரு கம்புதான், காரணமும் பிடிபட்டிட்டுது. அது பெரிய விசயம் அண்ணை. காரணம் தெரியாமல் தைச்சால் தையலுக்குப் பக்கத்தில திரும்ப வெடிக்கும்.

#17 ஏழரைக்கட்டை

எனக்கு ஒரு பாமரக் கேள்வி. இவ்வளவு பாடு எதற்கு? கோவையில் இல்லாத ஃபவுண்டரியா? உடைந்ததையே பேட்டர்னாக வைத்துப் புதிதாக வார்த்துவிட்டால் என்ன?

#18 வார்ப்படக்காரன்

நல்ல கேள்விங்க. இதை எங்கிட்ட பத்துப் பேர் கேட்டிருக்காங்க, பியானோவுக்கு இல்லை, தாத்தா காலத்துச் செக்கு பாகத்துக்கு.

இரும்பு உருகி ஊத்தினது ஆறும்போது நூத்துக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால பேட்டர்ன் செய்யற ஆசாரி அளவுகோலே தனிங்க, ஒரு சதம் நீட்டி அடிச்ச கோல். நீங்க பழைய பிளேட்டையே மண்ணுல அமுக்கி வார்த்தா வர்றது ஒரு சதம் குட்டை. 1.6 மீட்டர் பிளேட்டுக்கு 16 மில்லி. பாத்திரமா இருந்தா பரவாயில்லை. கீபோர்டு அகலம் 1.2 மீட்டர்னு வெச்சுக்குங்க, அதுல 12 மில்லி தள்ளிப்போகும். ஒரு ஓரத்துல ஹாமர் தன்னோட கம்பியை அடிக்கும், அடுத்த ஓரத்துல கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக் கம்பியை அடிக்கும்.

இப்ப ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல பெரிசாக்கி மண் அச்சே பிரிண்ட் போட்டு எடுக்கலாம், செய்யறாங்க. அப்புறமும் இருக்குதுங்க வேலை. ஓரம் தடிமன், கம்பு மெலிசு, ரெண்டும் ஒரே வேகத்துல ஆறாது, உள்ளுக்குள்ள இழுபறி தங்கிடும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல வார்த்த பிளேட்டை மாசக்கணக்குல வெளிய போட்டு வெச்சிருந்தாங்க. இப்ப உலையில 550 டிகிரி வெச்சு மெதுவா ஆற விடறது. இரும்பு எஃப்ஜி 200 கிரேடு (சாம்பல் வார்ப்பிரும்புத் தரம்) போதும், ஆனா ஆயிரம் துளையைச் சரியான இடத்துல போடணும். ஒரே ஒரு பிளேட்டுக்கு இத்தனையும் பண்ண எந்த முதலாளியும் ஒத்துக்க மாட்டான். ஒத்துக்கிட்டா அவன் பியானோ வாசிக்கிறவனா இருக்கணும்.

#19 சுருதிப்பெட்டி

சரித்திரத்துக்காக ஒரு வரி: ஒரே வார்ப்பா இரும்பு ஃப்ரேம் போடலாம்னு பாஸ்டன்ல அல்ஃபியஸ் பேப்காக் பேடன்ட் எடுத்தது 1825-ல, சதுர பியானோவுக்கு. கிராண்டுக்கு சிக்கரிங் எடுத்தது 1843. அதுக்கு முன்னாடி மரச் சட்டமும் இரும்புப் பட்டையும்தான். வார்ப்பு வந்தப்புறம்தான் கம்பி தடிச்சுது, சத்தம் பெரிசாச்சு, டன் கணக்குல இழுக்க முடிஞ்சுது. நாம இப்ப அழுதுட்டு இருக்கிறது அந்த வசதிக்கான வாடகை.

#20 மலைக்காற்று

தைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அக்கா, தையலுக்கு மேல் இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை வைத்து போல்ட் போடலாம் என்கிறார் பட்டறைக்காரர். போட்டால் நல்லதா?

#21 உலோகவியல்_அக்கா

நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு போல்ட் துளையும் கம்பிலிருந்து சதையை எடுக்கிறது. 48 மி.மீ. உயரத்தில் 8 மி.மீ. துளை என்றால் ஆறில் ஒரு பங்கு. விரிசலுக்கு மிக அருகில் போடாதீர்கள், 60 மி.மீ. தள்ளிப் போங்கள். துளையைக் கம்பின் நடு உயரத்தில் போடுங்கள், மேல் விளிம்பில் வேண்டாம். வளைவின் இழுப்பு மேல் முகத்தில்தான் அதிகம். தளர்வான துளையில் போல்ட் ஆடினால் பட்டை வெறும் நகை. துளையை ரீமர் போட்டுச் சுத்தமாக்கி, போல்ட் தட்டினால்தான் இறங்கும் அளவுக்குப் பொருத்தச் சொல்லுங்கள்.

முக்கியமானது: தைக்கும்போது பிளேட் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தில்தான் நிரந்தரமாக நிற்கும். பியானோவுக்குள் நோஸ் போல்ட் சரி செய்து உட்கார வைத்தபோது ஒவ்வொரு மூலையும் எந்த மட்டத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, பட்டறை மேடையிலும் அதே மட்டத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் கட்டிவிட்டுத் துளை போட ஆரம்பியுங்கள்.

#22 குப்பைமேடு

வேலை முடிஞ்சா போட்டோ போடுங்க சார். எம்-சீல்னு சொன்னதுக்கு மன்னிப்பு.

#23 மலைக்காற்று (நான்கு மாதம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சங்கிலி பிளாக் கட்டிப் பிளேட்டைத் தூக்கினோம். எடை மேடையில் 128 கிலோ. ஆறு பேரும் ஒரு பிக்கப்பும், மேட்டுப்பாளையம் இறக்கம் முழுக்க இருபதில்தான் ஓட்டினேன். பட்டறையில் இரண்டு நாள் வேலை. மேலிருந்து மூன்று சாவி, விரிசல் நெடுக ஒன்பது ஸ்டட், இரண்டு பக்கமும் 8 மி.மீ. பட்டை. தைத்தவருக்குப் பியானோ என்று கடைசி நாள்தான் சொன்னேன். "இதுக்குள்ள இவ்வளவு இரும்பா" என்று இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். காசு முழுதாக வாங்கிக்கொண்டார், அதில் தள்ளுபடி இல்லை.

துளை போடும்போது ஒன்று தெரிந்தது. நோஸ் போல்ட் துளைக்குக் கீழே மிளகு அளவில் ஒரு காற்றுக் குமிழ், வார்த்த நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது.

சுருதிப்பெட்டி சார் நேரில் வந்து கம்பி ஏற்றினார். முதலில் ஒரு முழுச் சுரம் கீழே, பத்து நாள் விட்டு அரைச் சுரம் கீழே. கம்பின் மேல் டயல் கேஜ் வைத்திருந்தோம். 0.3 மி.மீ. நகர்ந்து நின்றது, அதற்கப்புறம் முள் அசையவில்லை. கட்டட விரிசலுக்கு மேஸ்திரிகள் கண்ணாடித் துண்டு ஒட்டுவார்களே, அதுபோலத் தையல் மேல் மெல்லிய கண்ணாடி ஒட்டியிருக்கிறேன். பிளேட் நகர்ந்தால் அது முதலில் உடையும். இன்று 41-ஆம் நாள், உடையவில்லை.

#24 உலோகவியல்_அக்கா

குமிழ்தான் தொடக்கம், நோஸ் போல்ட் தள்ளிவிட்ட கை. அரைச் சுரம் கீழே என்றால் இழுவிசை 11 சதவீதம் குறைவு, 18 டன்னுக்கு 16 டன். அங்கேயே நிறுத்தினால் எனக்கு நிம்மதி.

#25 வார்ப்படக்காரன்

அந்தக் குமிழ் எந்த நாட்டு ஃபவுண்டரிக்காரன் விட்டதோ, அவன் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க. மண்ணுல ஈரம் கூடினா வரும்.

#26 சுருதிப்பெட்டி

கண்ணாடி மழைக்காலம் தாண்டட்டும் சார், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 440-க்கு ஏத்திப் பார்க்கலாமா?

#27 மலைக்காற்று

அம்மாவிடம் கேட்டேன். "வேண்டாம், இப்போதுதான் பாமாலையில் உச்சச் சுரம் எனக்கே எட்டுகிறது" என்கிறார்.